ஹைப்ரிட் சீட் பயிலரங்கு

பெல் ஆய்வகத்தில் உருவாகி, இன்னும் விற்பனைக்கு வராத ஒளியியல் சில்லுகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாங்களே வடிவமைத்துப் பெறுவதற்காக 1995இல் அமெரிக்காவில் நடந்த பயிலரங்கு இது. பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்பா, பெல் ஆய்வகத்தை அப்போது நடத்திய ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கிய கோ-ஆப் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இதை நடத்தின.

இந்தச் சில்லுகளுக்கு அடிப்படையான சீட் என்ற சாதனத்தை டேவிட் மில்லரும் பெல் ஆய்வகத்தின் சக ஆய்வாளர்களும் 1984இல் அறிவித்தனர். காலியம் ஆர்சனைடையும் அலுமினியம் காலியம் ஆர்சனைடையும் சுமார் பத்து நானோமீட்டர் கனத்தில் மாற்றி மாற்றி அடுக்கினால் குவாண்டம் கிணறுகள் உருவாகின்றன. அவற்றுக்குக் குறுக்கே மின்புலம் கொடுத்ததும், எந்த அலைநீளம் வரை ஒளியை உறிஞ்சுவது என்ற எல்லை நகர்கிறது. ஆகவே 850 நானோமீட்டர் அளவிலான லேசர் கற்றையை மின்னழுத்தத்தைக் கொண்டே விடவும் தடுக்கவும் முடியும். இந்தக் கிணறுகள் அடங்கிய அதே டையோடு, விழும் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் உணரியாகவும் வேலை செய்யும்.

கணக்கிடும் வேலைக்குச் சிலிக்கான் சிறந்தது. ஆனால் அது ஒளியைத் திறம்பட உமிழாது. வேகமான ஒளிப் பண்பேற்றிகளை அதில் அமைப்பதும் அன்று கடினம். இந்தக் குறையைப் போக்கவே ஹைப்ரிட் முறை வந்தது. டையோடு வரிசையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீமாஸ் எனும் வழக்கமான சிலிக்கான் மின்னணுச் சில்லின் மேல் நுண்ணிய பற்றாசுப் புள்ளிகளால் ஒட்டுவார்கள். காலியம் ஆர்சனைடு அடித்தளம் 850 நானோமீட்டர் ஒளியை மறைத்துவிடும் என்பதால், ஒட்டிய பின் அதை அரித்து நீக்கிவிடுவார்கள். மிஞ்சும் மெல்லிய டையோடுகள் சில்லின் முகப்பில் ஒளிக்கதவுகளாக நிற்கும். விளிம்பில் மட்டும் இணைப்பு முனைகள் கொண்ட சில்லுக்கு, பரப்பு முழுவதும் வாயில்கள் கிடைத்தன.

இப்படி ஒட்டும் வசதி பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கிடையாது. படிகம் வளர்க்கும் கருவியும் தூய அறையும் பெருஞ்செலவு பிடிப்பவை. பயிலரங்கு அந்தச் சுமையைப் பெல் ஆய்வகத்தின் தோளில் வைத்தது. பங்கேற்ற குழுக்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் சதுரச் சிலிக்கான் பரப்பும், அதன் மேல் 20க்கு 10 என்ற வரிசையில் 200 டையோடுகளும் ஒதுக்கப்பட்டன. சுற்றுகள் 0.8 மைக்ரான் சீமாஸில் அமைந்தன. வரைபடத்தை அனுப்பினால் சில்லு திரும்பி வரும். பலரின் வடிவமைப்புகளை ஒரே சிலிக்கான் தகட்டில் அச்சிட்டுச் செலவைப் பகிர்வதைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மோசிஸ் சேவை 1981 முதல் மின்னணுச் சில்லுகளுக்குச் செய்து காட்டியிருந்தது. முதிராத ஒளியியல் சாதனம் ஒன்றுக்கும் அதே வழியைத் திறந்ததே இங்கு உண்மையான துணிச்சல். சாதனம் முழுமை பெறும்வரை காத்திருந்தால், அதைக் கொண்டு என்ன கட்டலாம் என்று சிந்திக்கும் சுற்று வடிவமைப்பாளர்கள் உருவாக மேலும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

சந்தையில் சீட் வெல்லவில்லை. குறுகிய தொலைவு ஒளியிழை இணைப்புகளை, கென்இச்சி இகா ஜப்பானில் 1977இல் முன்வைத்த மேற்பரப்பு உமிழ் லேசர் பிடித்துக்கொண்டது. பின்னர் சிலிக்கான் ஒளியியலும் வலுப்பெற்றது. பகிர்ந்து அச்சிடும் முறை மட்டும் அந்தப் புதிய துறைக்கும் வந்து சேர்ந்தது. 2006இல் பெல்ஜியத்தின் ஐமெக்கும் பிரான்சின் லெட்டியும் தொடங்கிய ஈபிக்ஸ்ஃபேப், 2015இல் நியூயார்க் மாநிலத்தை மையமாகக் கொண்டு அமைந்த எய்ம் ஃபோட்டானிக்ஸ் இரண்டும் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்தன. வடிவமைப்பு விதிகளும் சோதித்த உறுப்புகளும் அடங்கிய மென்பொருள் தொகுப்பு ஒன்று ஆய்வாளருக்குக் கிடைக்கும். குறித்த நாளுக்குள் அவர் வரைபடத்தை அளித்தால், அடுத்த சுற்று உற்பத்தியில் அவருடைய சில்லுக்கும் இடம் உண்டு.