ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர் (வன்னி)

இலங்கையின் அரச பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களின் வகுப்பறைக்கே சென்று வழிகாட்டுபவர் ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர். பெரும்பாலும் நீண்ட கற்பித்தல் அனுபவமுள்ள ஆசிரியர்களே இப்பணிக்குத் தெரிவாகின்றனர். வலயக் கல்விப் பணிமனையில் ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரோடு இணைந்து இவர்கள் இயங்குவர். வன்னிப் பகுதியில், கிளிநொச்சி மாவட்டத்தின் தர்மபுரம் போன்ற இடங்களில் பிள்ளைகள் தமிழில் படித்துக்கொண்டே ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கற்கிறார்கள். அங்கு ஓர் ஆலோசகர் மும்மொழிச் சூழலை அறிந்தவராகவும் இருக்க வேண்டியுள்ளது.

பின்னணி

அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தத்தை அடுத்து, 1945 முதல் ஆரம்பக் கல்வி தாய்மொழிக்கு மாறியது. அதன்பின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டுமே கிடைத்தது. பெரும்பாலும் நகரத்துப் பெரிய கல்லூரிகளில் இருந்த ஆங்கில ஆசிரியர்கள் ஊர்ப்புறப் பாடசாலைகளுக்கும் தேவைப்பட்டனர். 1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அதே திருத்தம் மாகாண சபைகளையும் உருவாக்கியதால் பெரும்பாலான பாடசாலைகளின் நிருவாகம் மாகாணத்தின் கைக்கு வந்தது.

1985இன் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி மகரகமையில் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் ஆக்குகிறது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவை புதிய ஆசிரியர்களைப் பயிற்றுகின்றன. கல்லூரியில் கற்றதை வகுப்பில் செயற்படுத்தத் துணைநிற்பது ஆலோசகரின் வேலை.

1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், தரம் 1, 2 பிள்ளைகளுக்குச் செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலம் அறிமுகமானது. முறையான பாடமாக ஆங்கிலம் தரம் 3இல் தொடங்குகிறது. இதனால் ஆங்கிலத்தில் சிறப்புப் பயிற்சி பெறாத ஆரம்பப் பிரிவு ஆசிரியரும் ஆங்கிலம் பேச வேண்டியவரானார். 2009இல் அரசு ‘வாழ்க்கைத் திறனாக ஆங்கிலம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முதன்மைப் பயிற்றுநர்களை ஐதராபாத்திலுள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 2012இல் மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் தேசியத் திட்டம் வெளியானது.

தர்மபுரம்

பரந்தன்-முல்லைத்தீவு ஏ-35 வீதியில் கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவில் தர்மபுரம் உள்ளது. விசுவமடு, முரசுமோட்டை, புளியம்பொக்கணை ஆகியவை அயலூர்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. நெற்செய்கையும் கூலிவேலையும் முதன்மைத் தொழில்கள். 2009 சனவரியில் உள்நாட்டுப் போர் இப்பகுதிக்கு வந்தபோது மக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தனர். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் தங்கி, மீள்குடியேற்றத்தின்போது ஊர் திரும்பினர். படிப்பு அறுந்த பிள்ளைகள் வயதுக்குரிய தரத்தில் அமர்ந்தாலும், அந்தத் தரத்துக்குரிய ஆங்கிலம் அவர்களிடம் இருக்கவில்லை. ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் பந்தி எழுதக்கூடியவரும் இருக்கும் நிலையை ஆசிரியர் எதிர்கொண்டார்.

பணிமுறை

ஆலோசகரின் பணி பாட அவதானிப்பு, பாடம் முடிந்தபின் கலந்துரையாடல், மாதிரிப் பாடம், செயலமர்வு என விரியும். அவதானிப்பில் பயன்படும் எளிய உத்தி ஒன்றுண்டு. ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஆசிரியர் பேசியதை ஒரு பக்கமும் பிள்ளைகள் பேசியதை மறுபக்கமும் குறிப்பது. பாடம் முடிந்து அத்தாளைப் பார்க்கும் ரீச்சருக்கு, பிள்ளைகளின் பக்கம் ‘யெஸ் ரீச்சர்’, ‘நோ ரீச்சர்’ என்பவற்றைத் தாண்டவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். அடுத்த பாடத்தில் எந்த இடத்தில் பிள்ளைகளை இருவர் இருவராகப் பேசவிடலாம் என்று இருவரும் சேர்ந்து தீர்மானிப்பர்.

தமிழைப் பயன்படுத்தும் முறையும் இக்கலந்துரையாடலில் முக்கிய இடம்பெறும். ‘குளத்தில் தண்ணீர்’, ‘சுவரில் படம்’, ‘வீட்டில் அம்மா’ என மூன்றுக்கும் தமிழில் ஒரே உருபு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘இன்’, இரண்டாவதற்கு ‘ஒன்’, மூன்றாவதற்கு ‘அற்’ வரும். பிள்ளை தவறுவது ஏன் என்று அறிந்த ஆசிரியர் மூன்று படங்களைக் கரும்பலகையில் வரைந்து வேறுபாட்டைக் காட்டுவார். அறியாதவர் விதியை மனனம் செய்யச் சொல்வார். ஒரு மொழியில் வளர்ந்த கருத்தறிவு அடுத்த மொழிக்கும் உதவும் என்று கனடிய ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979 முதல் வலியுறுத்தி வந்ததும் இதற்கு இசைவானதே.

ஒப்பீடு

தமிழ்நாட்டில் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள் இதையொத்த பணியைச் செய்கின்றனர். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் பள்ளி வகுப்புகளிலும் செயல்வழி ஆங்கிலக் கற்பித்தல் பரிசோதிக்கப்பட்டது. பிரபுவும் நேரடியாகப் பாடம் நடத்தினார். அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களில், செயலமர்வில் கேட்டதும் கண்டதும் மட்டும் வகுப்பறை வழக்கமாக மாறுவது அரிது என்றும், உடனிருந்து தரும் தொடர் வழிகாட்டலே அம்மாற்றத்தைக் கொண்டுவரும் என்றும் காட்டினர்.

சிக்கல்கள்

வன்னியில் இத்தகைய தொடர் வழிகாட்டல்தான் கடினம். பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்க, ஒரே ஆலோசகர் பலவற்றைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் உள்வீதிப் பயணம் தடைப்படும். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் பெற்றால், புதிதாக வருபவரோடு வழிகாட்டல் முதலிலிருந்து தொடங்கும். மேலதிகாரி குறை பிடிக்க வருகிறார் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதும் உண்டு. மேலும், க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத் தேர்வு எழுத்துத் தேர்வாகவே இருந்துவந்ததால், பேச்சுப் பயிற்சிக்கு நேரம் கேட்கும் ஆலோசகர் பரீட்சைப் பெறுபேற்றை எதிர்பார்க்கும் அதிபருக்கும் பெற்றோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார். வேறு பாடசாலைக்குப் போகும் ஆசிரியரோடு பயிற்சியும் போய்விடாதிருக்க, ஒரே பாடசாலையின் ஆசிரியர்கள் தமக்குள் பாடங்களைப் பார்த்துப் பேசிக்கொள்ளும் பாடசாலை மட்ட ஆசிரியர் அபிவிருத்தி முறை ஊக்குவிக்கப்படுகிறது.