கடலோடியின் ஈறும் கினிப் பன்றியின் பல்லும்

1498 அக்டோபரில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கார்வாருக்கு அருகே உள்ள அஞ்சதீவிலிருந்து ஊர் திரும்பக் கிளம்பின. வரும்போது பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளியதில் மூன்றரை வாரத்தில் அரபிக்கடலைத் தாண்டியிருந்தார்கள். திரும்பும்போது காற்று கைகொடுக்கவில்லை. அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடியது. எதையும் கடித்துச் சாப்பிட முடியவில்லை. காலெல்லாம் வீக்கம். முப்பது பேர் செத்துப்போனார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள் என்கிறது அந்தப் பயணத்தின் குறிப்பேடு. அந்த நோய்க்குப் பெயர் ஸ்கர்வி.

அடுத்த நாற்பது வருடத்துக்குள் போர்த்துகீசியர்கள் முத்துக்குளித்துறையில் காலூன்றிவிட்டார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை அவர்களிடமிருந்து பிடித்தார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1652-ல், அதே டச்சுக் கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் குடியேற்றத்தைத் தொடங்கியிருந்தது. அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, போகிற வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பது. முத்தும் மிளகும் ஐரோப்பா போய்ச்சேர வழியில் ஒரு கீரைத்தோட்டம் வேண்டியிருந்தது.

நம்ம கரை ஆட்களுக்கு இந்த நோய் பெரிய கவலையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. உடம்பில் இருக்கும் வைட்டமின் சி தீர்ந்து ஸ்கர்வி வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். காற்று ஒத்துழைத்தால் தூத்துக்குடித் தோணிக்குக் கொழும்பு ஒன்றிரண்டு நாள் பயணம்தான். முத்துக்குளிப்பு இன்னும் பக்கத்தில் நடப்பது. ராத்திரி கரைக்காற்றில் கிளம்பி, மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பிவிடுவார்கள். கடலுக்குள் மூழ்கி உயிரைப் பணயம் வைத்தவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைக் கரையில் சாப்பிட்டார்கள். முத்தை வாங்க வந்தவர்களுக்குத்தான் பல் விழுந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் கப்பலோ முத்தோ இல்லை. தூத்துக்குடியில் அக்கா வீட்டில் வளரும் ஒரு கினிப் பன்றிக்குப் பல் கோளாறு. அந்தப் பிராணிக்கும் அந்த மாலுமிகளுக்கும் இருக்கும் உறவு, உவமைக்காகச் சொல்வதில்லை. இரண்டு உடம்பிலும் உடைந்திருப்பது ஒரே மரபணு.

*

முதலில் பெயர். கினிப் பன்றி பன்றியும் இல்லை, கினியிலிருந்து வந்ததும் இல்லை. ஆண்டிஸ் மலையில் பல ஆயிரம் வருடங்களாக மனிதர்கள் இறைச்சிக்காக வளர்த்துவந்த கொறிவிலங்கு. அங்கே இதற்குப் பெயர் 'கூய்'. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு வந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை இந்தியா என்று நினைத்த குழப்பம் இதன் தலையிலும் விழுந்தது. போர்த்துகீசியர்கள் இன்றும் இதை 'போர்கீன்யு ட இந்தியா', அதாவது இந்தியாவின் பன்றிக்குட்டி என்கிறார்கள். ஜெர்மன்காரர்களுக்கு இது கடல்பன்றிக்குட்டி. இந்தியாவையும் கடலையும் பார்க்காமலேயே இரண்டின் பெயரையும் வாங்கிக்கொண்ட பிராணி.

ஸ்கர்விக்கு எலுமிச்சை, ஆரஞ்சு நல்லது என்று ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே ஒரு கப்பலில் பன்னிரண்டு மாலுமிகளை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார். 1795 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் சாறு ஏன் வேலை செய்கிறது என்று அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. காரணம் எளிது. ஆய்வகத்தில் அந்த நோயை வரவழைக்க ஒரு விலங்கு கிடைக்கவில்லை. எலி, நாய், கோழி எல்லாமே வைட்டமின் சியைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். அவற்றுக்கு வெறும் தானியத்தை மாதக்கணக்கில் போட்டாலும் ஈறு வீங்காது.

1907-ல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல் ஆட்களுக்கு வரும் பெரிபெரி போன்ற ஒரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். முதலில் புறாக்களை வைத்துச் செய்தார்கள், பிறகு கினிப் பன்றிக்கு மாறினார்கள். ஓட்ஸ், பார்லி, ரொட்டி என்று தானியம் மட்டும் கொடுத்தார்கள். எதிர்பார்த்த நோய் வரவில்லை, ஸ்கர்வி வந்தது. ஈறில் ரத்தம், ஆடும் பல், எலும்பில் கசிவு என்று மாலுமிகளின் நோய் அப்படியே வந்தது. முட்டைக்கோசும் எலுமிச்சையும் கொடுத்தபோது காப்பாற்ற முடிந்தது. அன்றைக்கு அவர்கள் எலியைத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை இன்னும் சில வருடம் தள்ளிப்போயிருக்கும்.

வைட்டமின் சி தயாரிப்பின் கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும். அதை எழுதும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, கினிப் பன்றியிடமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் செயலிழந்தவை. 1992-ல் கினிப் பன்றியிலும் 1994-ல் மனிதனிலும் நிஷிகிமி குழுவினர் அதைக் காட்டினார்கள். என் தொழில் பாஷையில் சொன்னா, ஃபங்ஷன் ரெப்போவில அப்படியே கிடக்குது, பாதி வரி அழிஞ்சு போனதால ரன் ஆகாது. பச்சை இலையிலிருந்தும் பழத்திலிருந்தும் தினமும் அந்தப் பொருள் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உள்ளே உடைந்தது தெரியவில்லை. எந்த டெஸ்ட்டும் ஃபெயில் ஆகவில்லை. புல்வெளியிலேயே வாழும் வரை கினிப் பன்றிக்குக் கவலையில்லை. கப்பலில் ஏறும்வரை நமக்கும் இல்லை.

*

இங்கேதான் பல் வருகிறது. பல் தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. நடுவே நார்கள் உண்டு, ஊஞ்சல் கயிறு மாதிரி. அந்த நார் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. கொலாஜனை முறுக்கிக் கட்ட வைட்டமின் சி வேண்டும். அது குறைந்தால் கயிறு தளர்கிறது.

கினிப் பன்றிக்கு 20 பற்கள். முன்னால் நாலு வெட்டுப்பல், பின்னால் பதினாறு கடைவாய்ப்பல், கோரைப்பல் கிடையாது. இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்கிற பல்லில் குறைபாடு சீக்கிரம் தெரியும். 1920-களில் ஸ்வீடனின் ஹோயர் இதைக் கவனித்தார். வெட்டுப்பல்லின் வேரைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், வைட்டமின் சி குறைந்த விலங்கில் பல்லை உருவாக்கும் செல்களின் வரிசை கலைந்திருக்கும். 1931-ல் கீ, எல்ஃபிக் இருவரும் அந்தக் கலைவுக்கு மதிப்பெண் போட்டு அதை ஒரு அளவை முறையாக்கினார்கள். ஒரு பழச்சாற்றில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று கண்டுபிடிக்க முன்பு இரண்டு மூன்று மாதம் ஆன இடத்தில் இப்போது இரண்டு வாரம் போதும். வைட்டமின் சியை வேதியியல் முறையில் நேரடியாக அளக்கும் வழி வரும்வரை, அதை அளக்கும் கருவி கினிப் பன்றியின் பல்தான்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியில் விழுந்தார்கள். பாலைவனத்தில் பச்சைக்காய்க்கு எங்கே போவது? லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹேரியட் சிக்கும் அவருடைய சகாக்களும் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஒரு விடை சொன்னார்கள். காய்ந்த பயறில் இல்லாத சத்து, ஊறவைத்து முளைகட்டிய பயறில் இருக்கிறது. நம்ம பாட்டிகளுக்குப் பழக்கமான முளைப்பயறு ராணுவ மருத்துவத்தின் பரிந்துரை ஆனது.

குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதும் 1907-ல்தான். அங்கே வேலை செய்த ராபர்ட் மெக்காரிசன், ஸ்கர்வி உணவு கொடுக்கப்பட்ட கினிப் பன்றிகளின் அட்ரினல் சுரப்பியில் ரத்தக்கசிவு இருப்பதை 1919-ல் எழுதினார். ஒன்பது வருடம் கழித்து செண்ட்-கியார்கி, பிற்பாடு வைட்டமின் சி என்று தெரியவந்த பொருளைப் பிரித்தெடுத்தது அட்ரினல் சுரப்பியிலிருந்துதான். மெக்காரிசனின் குன்னூர் ஆய்வகம் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1940-ல் ஹிஸார் பஞ்சத்தில் ஸ்கர்வி வந்தபோது கைகொடுத்தது நெல்லிக்காய்.

*

இனி அக்கா வீட்டுக்கு வரலாம். மருமகள் அதற்கு 'முத்து' என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வருடம் ஒருநாள் அக்கா போனில், "ஏல, பசிக்குதுன்னு ஓடி வருது, வாய்ல வைக்குது, அப்புறம் கீழ போட்டுருது. மோவாயெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் 740 கிராம். மூன்று வாரத்துக்கு முன்பு 900.

பசி இருந்தும் தின்ன முடியாதது, எச்சில் ஒழுகுவது, எடை இறங்குவது. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கடைவாய்ப்பல்லை. வெட்டுப்பல் வெளியே தெரியும். கடைவாய்ப்பல் தெரியாது. வாய் குறுகல், கன்னம் உள்பக்கமாக மடிந்து மறைக்கும். கீழ்த்தாடைப் பற்கள் இயல்பிலேயே நாக்குப் பக்கம் சாய்ந்தவை. தேயாமல் வளர்ந்தால் இரண்டு பக்கமும் வளைந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். அதன் பிறகு விழுங்க முடியாது. முத்துவுக்கு நடந்தது அதுதான். மயக்கம் கொடுத்து, தலையை எக்ஸ்ரே எடுத்து, பல்லை ராவி எடுத்தார் மருத்துவர். நகவெட்டியால் வீட்டிலேயே வெட்டக்கூடாது, பல் நெடுக்காகப் பிளந்துவிடும் என்று எச்சரித்தார். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகலாம் என்றும் சொன்னார். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ராவுவதோடு முடிவதில்லை. கினிப் பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒன்றிரண்டு நாளில் ஆபத்து. அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, புல்தூள் கலந்த மருத்துவ உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாகக் கொடுக்க வேண்டும். அக்காவும் அத்தானும் ராத்திரி முறை போட்டுக்கொண்டார்கள்.

ஏன் வந்தது? விற்ற கடையில், "கோதுமை, மக்காச்சோளம், கடலை கலந்த தீனி போதும், பச்சை போட்டா கழியும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தீனியைப் பார்த்தபோது எனக்கு ஹோல்ஸ்ட்தான் நினைவுக்கு வந்தார். 1907-ல் நோயை வரவழைக்கக் கொடுத்த உணவும் இதுவும் ஒரே இனம். கப்பல் பிஸ்கட்டும் அதே இனம். தானியம் இரண்டு வகையில் கெடுக்கிறது. மெல்லும் வேலை குறைவதால் பல் தேய்வதில்லை. வைட்டமின் சி இல்லாததால் பல்லைப் பிடித்திருக்கும் நார் தளர்ந்து பல் சாய்கிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். பரம்பரையும் ஒரு காரணமாகலாம்.

மருந்து எளிமையானது. எந்நேரமும் தின்ன நார்ப்புல். உப்பளமும் உடைமரமுமான ஊரில் புல்லுக்கு அலைய வேண்டும், அறுகம்புல் கட்டு உதவுகிறது. நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி, நோயுற்றிருந்தால் இன்னும் கூடுதல். குடைமிளகாயும் கொத்தமல்லியும் அதைத் தரும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்ப முடியாது. வெளிச்சத்திலும் தூத்துக்குடி வெயிலிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். வாய்க்குள் நடப்பதை முதலில் சொல்வது தராசுதான். ஒருமுறை சாய்ந்த பல் பெரும்பாலும் மறுபடி சாயும். சில வாரங்களுக்கு ஒருமுறை ராவ வேண்டியிருக்கும், சில சமயம் ஆயுள் முழுக்க. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒருவர் இந்தப் பிராணியை வாங்க வேண்டும்.

மருத்துவர் சீட்டில் எழுதும் அந்த மில்லிகிராம் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எத்தனை பச்சை கொடுத்தால் பல் உறுதியாக நிற்கும் என்ற கேள்விக்கு விடை தேடி, கிறிஸ்டியானியாவிலும் லண்டனிலும் குன்னூரிலும் ஏராளமான கினிப் பன்றிகள் நோயாக்கப்பட்டன, தாடை சீவப்பட்டு நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கப்பட்டன. அதன் பலன் மாலுமிக்கும் சிப்பாய்க்கும் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கூண்டில் தானியத்தோடு விற்கப்படும் கினிப் பன்றிக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. விற்கிறவர்கள் கூண்டோடு ஒரு கட்டு புல்லையும், பச்சை ஏன் வேண்டும் என்று நாலு வரி எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.