கடல் கடக்கும் சம்மன்: கட்டளை 5, விதி 25 – ஒரு மறுவாசிப்பு

காப்புரிமைச் சட்டத்தின் 104-ஆம் பிரிவுப்படி அத்துமீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே தொடுக்க இயலாது. செய்யாறு சிப்காட்டில் இயந்திரம் செய்யும் ஒருவர், மாவட்டத்துக்குள் நடந்த அத்துமீறலுக்காக வெளிநாட்டு நிறுவனத்தின் மேல் திருவண்ணாமலையிலேயே வழக்குப் போடலாம். பிரதிவாதி காப்புரிமையை ரத்துசெய்ய எதிர்க்கோரிக்கை வைத்தால்தான் கட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் அதற்கெல்லாம் முன்பு பிரதிவாதிக்குச் சம்மன் சார்பு செய்யப்பட வேண்டும். அமீனா வேட்டவலம் போகலாம். சீனாவின் ஷென்ஜென் போக முடியாது.

கேரள உயர் நீதிமன்றம் 2018-இல் மோளிக்குட்டி எதிர் நைசி ஜேக்கப் வழக்கில், வெளிநாட்டுக்குச் சம்மன் எப்படிப் போக வேண்டும் என்பதற்குக் கறாரான விடை தந்தது. வெளிநாட்டில் நீதிமன்ற ஆவணங்களைச் சார்பு செய்வது பற்றிய 1965-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டில் பிரதிவாதி இருந்தால், அந்த நாட்டின் மைய அதிகார அமைப்பு வழியாகத்தான் சம்மன் போக வேண்டும். நேரே தபாலில் அனுப்பினால் செல்லாது. இந்தியாவுக்கு இந்த உடன்படிக்கை 2007 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. 10-ஆம் உறுப்பு அனுமதிக்கும் தபால் வழியை இந்தியா மறுத்திருப்பதையும் இவ்வாசிப்புக்கு ஆதரவாகக் காட்டுவார்கள். எனக்கு இது ஏற்புடையதல்ல. அந்த மறுப்பு வெளிநாட்டுச் சம்மன் இந்திய வாசலுக்கு வருவதைத்தான் தடுக்கிறது. இங்கிருந்து போவதை ஏற்பதோ மறுப்பதோ பெறும் நாட்டின் பாடு. சீனாவும் மறுத்திருக்கிறது, அமெரிக்கா மறுக்கவில்லை. மோளிக்குட்டி வாசிப்பில் இரண்டுக்கும் ஒரே விதி. தைவானோ உடன்படிக்கையிலேயே இல்லை. செய்யாற்றில் காலணி தைப்பது தைவான் முதலீடு என்பதால் நம் மாவட்டத்துக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5, விதி 25-இன் வாசகத்தையே பாருங்கள். தபால், கூரியர், தொலைநகல், மின்னஞ்சல் எல்லாம் 2002 முதல் அதில் உண்டு. கடைசியில் மட்டும் அந்த ஊருக்கும் நீதிமன்ற ஊருக்கும் தபால் போக்குவரத்து இருக்க வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டு நிபந்தனை அப்படியே நிற்கிறது. மின்னஞ்சலுக்கும் அதுவே நிபந்தனை! அதைவிட முக்கியம் பாகிஸ்தான், வங்கதேசம் பற்றிய காப்புரை. அங்குள்ள பிரதிவாதிக்கு அந்நாட்டு நீதிமன்றம் வழியாகச் சம்மன் அனுப்பலாம் என்கிறது அது; அனுப்பியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நீதிமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும் வழியைச் சட்டம் திறந்த இடத்திலும் தபால் வழியை மூடவில்லை. 2007-க்குப் பிறகும் நாடாளுமன்றம் இந்த விதியை உடன்படிக்கைக்குக் கீழ்ப்படுத்தவில்லை. மௌனத்தை வைத்து வாதிடுவது பலவீனம்தான். ஆயினும் எழுதப்பட்ட விதியை எழுதப்படாத தடை வெட்டும் என்பது அதைவிடப் பலவீனம். 2024-இல் கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வும் உள்நாட்டுச் சட்டம் இல்லாத உடன்படிக்கை விதி 25-ஐ முடக்காது எனக் கொண்டு மோளிக்குட்டியை விலக்கியது.

சீனா மறுத்த தபாலில் பெற்ற தீர்ப்பை அங்கே நிறைவேற்ற முடியுமா? அநேகமாக முடியாது. ஆனால் காப்புரிமை நாட்டு எல்லைக்குட்பட்ட உரிமை. வழக்காடுபவர் முதலில் தேடுவது இந்தியச் சந்தையில் தடையாணை. அது இங்கேயே பலிக்கும். அவசரத்துக்கு இடைக்கால ஆணை தருவதை உடன்படிக்கையின் 15-ஆம் உறுப்பும் தடுக்கவில்லை. மறுபக்க ஆபத்தும் உண்டு: சீன நிறுவனமான ஷாவ்மி கேட்டு வூஹான் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அமெரிக்க நிறுவனமான இன்டர்டிஜிட்டலின் தரப்பைக் கேளாமலே அதன் டெல்லி காப்புரிமை வழக்கை முடக்க ஆணையிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் அக்டோபர் 9-இல் அந்த ஆணைக்கு எதிராகத் தடை விதித்தது. சம்மனைத் தளர்த்துவது வேறு, அறிவிப்பையே கைவிடுவது வேறு.

கேரள முழு அமர்வின் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தால் சென்னை உயர் நீதிமன்றமே விதி 25-ஐத் தெளிவாகத் திருத்தி எழுதலாம். அதுவரை வழக்கறிஞர்கள் சம்மனை மைய அதிகார அமைப்பு வழியாகவும் தபாலிலும் ஒரே நாளில் அனுப்பி, இரண்டு ரசீதுகளையும் கட்டில் சேர்ப்பதே பத்திரம்.