ஞாயிற்றுக்கிழமைக் கார்

பிரான்சில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "தாத்தா, சனி ஞாயிறு மட்டும் ஓட்ட, கூரை திறக்கிற சின்ன கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். லீஸ்ல எடுக்கட்டுமா, கடன்ல வாங்கட்டுமா?"

ஆயுளில் ஸ்கூட்டருக்கு மேல் எதையும் ஓட்டாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் கோப்பு தள்ளியே தலை நரைத்தவன் நான். கார் தெரியாது, காருக்கான காகிதம் தெரியும். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது.

கையில் பணமில்லாதவன் கார் வாங்குவது எப்படி என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இரண்டு பதில்கள் பிறந்தன. 1919-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கி, "முதலில் காரை எடு, பிறகு தவணை கட்டு" என்றது. ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் என்றாலே ஆகாது. அவர் 1923-ல் வேறு வழி சொன்னார்: வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வா, முழு விலையும் சேர்ந்ததும் காரைத் தருகிறேன். நம் ஊர் நகைச்சீட்டு மாதிரி. ஜனங்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. 1928-ல் ஃபோர்டும் கடன் நிறுவனம் திறந்தார். பிரான்சில் ரெனோ கம்பெனி 1924-லேயே இதற்கென்று தனி நிறுவனம் வைத்துவிட்டது.

நம் நாட்டுக்கு வந்தது ஆங்கிலேயர் வழியான 'ஹயர் பர்ச்சேஸ்'. வாடகைக்கு எடுத்து, கடைசித் தவணையோடு வாங்கிக்கொள்வது. இதன் ஆணிவேர் கார் அல்ல, ஒரு பியானோ. லண்டனில் ஒருவர் பியானோவை மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வாடகைக்கு எடுத்தார். 36 மாதம் கட்டினால் பியானோ அவருக்குச் சொந்தம். நாலு மாதத்தில் அதை அடகுக் கடையில் வைத்துவிட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. எடுத்தவர் வாடகைக்காரர்தான், வாங்கியவர் அல்ல; சொத்து கொடுத்தவருடையதே என்று 1895-ல் தீர்ப்பாயிற்று. தவணையில் வண்டி விட்ட கம்பெனிகளுக்கு அந்தத் தீர்ப்புதான் பலம்.

இனி என் கதை.

1970-களில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அரசாங்கத்தில் அப்போது மோட்டார் கார் முன்பணம் இருந்தது. தவணை தவணையாகப் பிடிப்பார்கள்; முதலில் அசல், பிறகு வட்டி; வண்டி குடியரசுத் தலைவர் பெயரில் அடமானம். ஆனால் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவருக்குத்தான் கிடைக்கும். குமாஸ்தாவுக்கு ஏது? அண்ணன் ஹயர் பர்ச்சேஸில் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை எடுத்தார். திங்கள் முதல் சனி வரை அதன் மேல் பழைய போர்வை கிடக்கும், அவர் சைக்கிளில் அலுவலகம் வருவார். ஞாயிறானால் மனைவி, பிள்ளைகள், சில நாள் நானும். செஞ்சி, ஊசுட்டேரி, அரிக்கமேடு என்று போவோம். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே அவர் உழைத்தார் என்று தோன்றும்.

24 தவணையில் 17 கட்டியிருந்தார். அப்போது அவர் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. மூன்று தவணை நின்றது. எப்படியோ புரட்டிய பணத்தோடு ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். "தம்பி, இதை வண்டிக்குக் கட்டிடட்டுமா, ஆஸ்பத்திரிக்கு வச்சுக்கட்டுமா?"

1972-ல் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டிவிட்டவரிடமிருந்து நீதிமன்றம் போகாமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. நான் அதைக் கெஜட்டில் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தவன். பெருமையாகச் சொன்னேன்: "ஆஸ்பத்திரிக்கு வச்சுக்குங்க அண்ணே. கோர்ட்டுக்குப் போகாம வண்டியைத் தொட முடியாது."

பத்து நாளில் விடியற்காலையில் இரண்டு ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் அண்ணன் பெயர் இருந்தது. கூடவே ஹெச்.பி. என்று கம்பெனி பெயரும் இருந்தது. அதுதான் நின்றது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பிரான்சில் பொதுவாக அரசிதழில் அச்சாகிவிட்டால் சட்டம் அமலுக்கு வந்துவிடும். அந்த நினைப்பு மண்டையில் ஊறியிருந்தது. இங்கே சட்டம் நிறைவேறுவது ஒன்று, அது எந்தத் தேதி முதல் என்று அரசு அறிவிப்பது வேறொன்று. முதல் பக்கத்திலேயே அந்த வரி இருந்தது, நான் தாண்டிப் போய்விட்டேன். அந்தச் சட்டம் கடைசி வரை அமலுக்கு வரவேயில்லை. 2005-ல் அதை ரத்தே செய்துவிட்டார்கள்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடு தம்பி, அவ பொழைச்சாளே, அது போதும்" என்றார். அதன் பிறகு அவர் கார் வாங்கவில்லை. இப்போது அவரும் இல்லை.

பேரனிடம் வருவோம். நம் ஊர் வீட்டு லீஸில் மொத்தமாகப் பணம் கொடுத்து, காலி செய்யும்போது முழுசாகத் திரும்ப வாங்குவோம். கார் லீஸ் அப்படியல்ல. பிரான்சில் 1966-ல் இதற்கான சட்டம் தொழிற்சாலை இயந்திரங்களுக்காக வந்தது. இந்தியாவின் முதல் லீசிங் கம்பெனி 1973-ல் சென்னையில் தொடங்கியது. லீஸில் நாம் கட்டுவது அந்த மூன்று நான்கு வருடத்தில் வண்டியின் மதிப்பு எவ்வளவு குறையுமோ அதையும் அதன் மேல் வட்டியையும். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு உண்டு, மீறினால் அபராதம். ஓட்டாத கிலோமீட்டருக்கோ பொதுவாகப் பணம் திரும்பாது. வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவன் அதில் நஷ்டப்படுவான். திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கும் காசு. நடுவில் முடை வந்தால் விற்கவும் முடியாது, வண்டி அவன் பெயரில் இல்லையே.

தினமும் வேலைக்குப் போகிற, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற கார் என்றால் லீஸ் சரிதான். வாரக்கடைசிக் காருக்கு, ஏற்கெனவே விலை இறங்கி முடிந்த பழைய வண்டியாகப் பார்த்து, பாதிப் பணம் சேர்த்துக்கொண்டு, மீதிக்குச் சின்னதாகத் தனிநபர் கடன் வாங்கச் சொன்னேன். வண்டி முதல் நாளே அவன் பெயருக்கு வரும். கஷ்டம் வந்தால் விற்று அடைக்கலாம்.

"லீஸ்லயே வாங்குற உரிமையும் இருக்கே தாத்தா?" என்றான். இருக்கிறது, கடைசித் தவணைக்குப் பிறகு. அண்ணனுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருந்தது.

ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.