ஜொகூர்க் காட்டு மின்காப்பு

ஜொகூர்க் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் இறுகினால் கிடைப்பது கட்டாபெர்ச்சா. 1843இல் மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதன் மாதிரிகளைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார். மின்சாரத்தைத் தடுப்பதில் அது மிகச் சிறந்தது என்று 1848இல் மைக்கேல் ஃபாரடே எழுதினார். கடல்நீரிலும் கெடாததால் 1858இல் அட்லாண்டிக் தந்தி வடத்துக்கு அதுவே உறையாயிற்று. ஜொகூர் ஆட்சியாளர் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் இவ்வணிகத்தைத் தம் பிடியில் வைத்துப் பெருஞ்செல்வரானார். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு பட்ட அழிவு கொடுமையானது.

கட்டாபெர்ச்சா உள்ளும் புறமும் ஒரே தடுப்பு. இடவியல் மின்காப்பான்கள் எனப்படும் பொருள்கள் அப்படியல்ல: அவற்றின் உட்புறம் மின்சாரத்தைத் தடுக்கும், மேற்பரப்பு கடத்தும். அவற்றுள் ஒன்றான பிஸ்மத் செலினைடின் உட்புறத்தில் எலக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் இடைவெளியை மேற்பரப்பு நிலைகள் கூம்பு வடிவில் குறுக்கே கடக்கின்றன. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் இதை 2009இல் ஒளியுமிழ்வு அளவீட்டில் கண்டறிந்தனர்.