லாசன் மலையின் பனி

மகன் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தபோது, ஜூன் முதல் வாரத்தில் லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குப் போனோம். நம் ஊரில் கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத நாட்கள் அவை. அங்கேயோ சாலையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி.

லாசன் சிகரத்தின் உயரம் 10,457 அடி. கார் நிறுத்தும் இடத்திலிருந்து உச்சிக்கு இரண்டரை மைல் நடை. ஏறக்குறைய 2,000 அடி ஏற்றம். அரை மைல் ஏறியதும் பாதை பனிக்குள் மறைந்தது. கைத்தடியை ஊன்றினால் முழங்கை வரை இறங்கியது. "போதும்பா, திரும்பிடலாம்" என்றான் மகன். இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா என்று எனக்குக் கோபம். எரிமலைக்குப் பயப்படலாம், பனிக்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

பூங்காவின் வடபகுதியில் சாலையோரம் ஓர் அறை அளவுக்குப் பாறை ஒன்று கிடக்கிறது. பெயர் 'சுடுபாறை'. அதன் கதையைப் படித்ததும் என் கோபம் போய்விட்டது.

நெடுங்காலம் தூங்கிய அந்த மலை, 1914 மே 30 அன்று நீராவியைக் கக்கியபடி விழித்தது. அடுத்த ஓராண்டுக்குள் 180-க்கும் மேற்பட்ட வெடிப்புகள். உள்ளூர்க்காரரான பெஞ்சமின் லூமிஸ், கனமான பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அவற்றைப் படமெடுத்தார். 1915 மே மாதம் உச்சிப் பள்ளத்தில் எரிகுழம்பு நிரம்பியது.

மே 19 இரவு அது வெடித்துச் சிதறியது. கனன்ற பாறைகள் விழுந்தது வெறும் மண்ணில் அல்ல; குளிர்காலம் முழுக்கக் குவிந்து, இன்னும் கரையாமலிருந்த பனியில். பனியும் பாறையும் சேர்ந்து சரிந்தன. சூட்டில் பனி உருகிச் சேற்று வெள்ளமாகி, பள்ளத்தாக்கில் பாய்ந்தது. அது உருட்டி வந்ததுதான் அந்தப் பாறை. லூமிஸ் அங்கே போய்ப் பார்த்தபோதும் அதில் சூடு இருந்ததாம்.

ஹேட் கிரீக் ஓடைக்கரையில் ஒரு பண்ணைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் விடாமல் குரைத்து அவரை எழுப்பியது. வெளியே வந்தவர், வெள்ளம் வருவதைக் கண்டு ஓட்டமாக ஓடி அண்டை வீட்டாரை எழுப்பினார். வீடுகள் சேதமாயின; மனிதர்கள் பிழைத்தார்கள்.

மூன்று நாள் கழித்து, மே 22 அன்று, பெருவெடிப்பு. புகைத்தூண் 30,000 அடிக்கு மேல் எழுந்தது. 200 மைலுக்கு அப்பாலும் சாம்பல் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1916 ஆகஸ்ட் 9 அன்று, லாசன் தேசியப் பூங்காவானது.

வாய் பிளந்து நின்ற சிகரத்தைத்தான் அன்று எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த இரவில் வீடுகளைச் சாய்த்தது, வெள்ளை வெளேரென்று சும்மா கிடந்த பனி. வெடிப்பு ஓரிரு மாதம் தள்ளி, பனி கரைந்தபின் வந்திருந்தால், அத்தனை பெரிய வெள்ளம் வந்திருக்காது.

காருக்குத் திரும்பும்போது, "நீ சொன்னது சரிதான்டா" என்றேன் மகனிடம். அவன் எதையும் கேட்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றினான்.