கிணத்தடி மாதுளையும் மணப்பாகும்

திருவொற்றியூர்ல இருக்கிற என் மக மாசமா இருக்கா. வாந்தி நிக்கலன்னு போன வாரம் போன் பண்ணினா. எண்ணூர்ல எங்க கிணத்தடி மாதுளையில ஏழு பழம் பறிச்சு மணப்பாகு காய்ச்சினேன். அவ வயித்துல இருந்தப்போ எங்கம்மா என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சிக் கொடுத்ததும் இதே மரத்துப் பழம்தான். உப்புத் தண்ணியையும் ஓரளவு தாங்குற மரம், அதான் இன்னும் நிக்குது.

மாதுளைக்குப் பூர்வீகம் ஈரான் பக்கம். ஆனாலும் நம்ம தொண்டை நாட்டுக்கு அது பழைய உறவு. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலேயே மாதுளம் பிஞ்சை மிளகு, கறிவேப்பிலை சேர்த்துச் சமைத்த சேதி இருக்கிறது. சாற்றைப் பாகாக்கி மருந்தாக்குவது நம் வைத்தியத்திலும் உண்டு. சித்த மருத்துவத்தின் 32 அக மருந்துகளில் மணப்பாகும் ஒன்று. மேல்நாட்டார் மாதுளைப் பாகை 'கிரெனடின்' என்பார்கள். பிரெஞ்சில் மாதுளைக்கு உள்ள பெயரிலிருந்து வந்தது. சர்பத், சிரப் இரண்டுக்கும் மூலம் ஒரே அரபுச் சொல்.

செய்முறை சுலபம். விதை நொறுங்காம முத்துகளைப் பிழிஞ்சு வடிகட்டுங்க, நொறுங்கினா கசக்கும். ஒரு டம்ளர் சாறுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை. சிறுதீயில, விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுற வரைக்கும் காய்ச்சணும். இரும்புச் சட்டி வேண்டாம், கறுத்துடும். ஆறினதும் கொஞ்சம் பன்னீர் விட்டு, ஈரமில்லாத கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வையுங்க. குளிர்ந்த தண்ணியில ரெண்டு ஸ்பூன் கலந்தா சர்பத். ஐஸ்கிரீம் மேலயும் ஊத்திக்கலாம்.

டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடாதேன்னு சொல்லித்தான் மககிட்ட பாட்டிலைக் கொடுத்தேன். நேத்து போன் வந்தது: "கஞ்சி வயித்துல நின்னுச்சுப்பா." பால்கனித் தொட்டிக்கு ஒரு பதியனும் வேணுமாம்.